இடது பக்கத்து பிரேக்

நாமக்கல்லில் பிறந்தவனுக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் கெட்டுப்போனோம். லாரி கட்டிய ஊர், லாரி ஓட்டிய ஊர், மாப்பிள்ளைக்கு லாரி இருக்கிறது என்றால் யோசிக்காமல் பெண் கொடுத்த ஊர். இப்போது அதே லாரிகள் ஆளே இல்லாமல் சேலம் ரோட்டில் எறும்பு மாதிரி வரிசையாகப் போகின்றன. டிரைவர் சீட்டு இருந்த இடத்திலும் முட்டை அட்டை அடுக்கியிருக்கிறார்கள். கார்களைக் கேட்கவே வேண்டாம். ஸ்டீயரிங் கிடையாது, பிரேக் கிடையாது. ஏறி உட்கார்ந்து ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். அதனால் எங்கள் பக்கம் அதற்குப் பெயரே சும்மாவண்டி.

இந்தக் காலத்தில் நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என் புத்திசாலித்தனத்தை இதிலிருந்தே நீங்கள் எடை போட்டுக்கொள்ளலாம்.

பெயர் செங்கோட்டுவேலன். அர்த்தநாரி டிரைவிங் ஸ்கூலுக்கு முதலாளி, வாத்தியார், கூட்டிப் பெருக்குகிற ஆள் எல்லாம் நானே. மாவட்டத்தில் மிச்சமிருக்கிற ஒரே பள்ளி என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கெல்லாம் காலாகாலத்தில் புத்தி வந்துவிட்டது என்பதை எழுதவில்லை. என்னிடம் இருக்கும் ஒரே வண்டி ஒரு கிழட்டு ஹைப்ரிட் கார். பாதி பெட்ரோல், பாதி கரெண்டு. திருச்செங்கோட்டு சாமி மாதிரி ஒரே உடம்பில் இரண்டும் இருப்பதால் அதற்கும் அர்த்தநாரி என்றே பேர் வைத்துவிட்டேன்.

யார் வந்து சேருவார்கள் என்று கேட்பீர்கள். கையால் வண்டி ஓட்டுகிற லைசென்சுக்குக் கைலைசென்ஸ் என்று பேர். அது இப்போது ஒரு கௌரவம். அந்தக் காலத்தில் பெண்ணுக்குப் பாட்டு வருமா என்று கேட்டார்களாம், இப்போது மாப்பிள்ளைக்குக் கைலைசென்ஸ் உண்டா என்று கேட்கிறார்கள். வாங்குவார்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுவார்கள், வாசலுக்கு வந்து சும்மாவண்டியில் ஏறிப் போய்விடுவார்கள்.

சொல்லித்தருகிற வண்டியில் இடது பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. வாத்தியாருக்கு. வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற பிள்ளை தடுமாறும்போது நான் அதை மெல்ல ஒரு அமுக்கு அமுக்குவேன். வண்டி பூப்போல நிற்கும். "சார், நானா நிறுத்தினேன்?" என்று பிள்ளை வாயைப் பிளக்கும். "பின்னே ஆரு? நான் காலே வைக்கலையே" என்பேன். இது எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற பொய்தான். பிள்ளைக்குத் தைரியம் வரவேண்டுமே.

ஆனால் டெஸ்டில் பிள்ளை தனியாகத்தான் ஓட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் மரத்தடியில் நின்று பார்ப்பார். முன்பெல்லாம் பாதிப்பேர் தோற்றுவிட்டு அழுதுகொண்டு வருவார்கள். கொஞ்ச வருஷமாக ஒருத்தர்கூடத் தோற்கவில்லை. எனக்கோ முழங்கால் வலி. காலை நகர்த்தி பிரேக்கில் வைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆனாலும் பாருங்கள், நான் காலை வைப்பதற்கு முன்பே பிள்ளைகள் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள்! வயசாக வயசாக நம் வாத்தியார்த்தனம் மெருகேறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டேனா? மனைவி கோகிலவாணியிடமும் சொன்னேன். "ஆமாமா" என்றாள். அவள் இரண்டு தடவை ஆமா போட்டால் என்ன அர்த்தம் என்று கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு உறைக்கவில்லை.

என்னிடம் படித்தவர்களில் உண்மையாகவே வண்டி ஓட்டியாக வேண்டியவள் ஒருத்திதான். நிறைமதி. கொல்லிமலைக்காரப் பெண், நர்ஸ் படித்தவள். மலைமேல் சும்மாவண்டி போகாது. வழியில் ஒரு பாறை உருண்டு கிடந்தால்கூட "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொள்ளும். அதனால் மேலே இருக்கிற குக்கிராமங்களுக்கு மருந்தும் நர்சும் கொண்டுபோக ஒரு பழைய வேன் வைத்திருந்தார்கள். அதை ஓட்டுகிறவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கைலைசென்ஸ் உள்ள நர்சாகப் பார்த்து நிறைமதியைப் போட்டிருந்தார்கள். டெஸ்டில் ஒரு தப்பும் இல்லாமல் பாஸ் செய்திருந்தாள். திங்கட்கிழமை வேனை எடுக்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அர்த்தநாரி ரயில்வே மேம்பாலம் ஏற முடியாமல் பாதியில் நின்றது. பின்னால் வந்த சும்மாவண்டிகள் எல்லாம் ஒரே குரலில் "உங்களுக்கு உதவி தேவையா?" என்று கேட்டன. மானம் போயிற்று.

பர்வீனின் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். பர்வீன் எஞ்சினியரிங் படித்து, பெரிய கம்பெனியில் இருந்து, சண்டை போட்டுக்கொண்டு வந்து சொந்தக் கடை வைத்தவள். வாய் ஜாஸ்தி. பானெட்டைத் திறந்து எதையோ மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பேட்டரி முடிஞ்சுதுங்ணா. இழுத்துக்கிட்டுக் கெடக்குது."

"ரிப்பேரா, மாத்தறதா? அதைச் சொல்லு."

"மூணு வழி இருக்குது. ஒண்ணு, இதைத் தள்ளிவிட்டுட்டு ஒரு சும்மாவண்டி எடுங்க."

"எடுத்து? அதுல பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தரச் சொல்றே? எப்படி உக்காரோணும்னா?"

"ரெண்டாவது, செத்த செல்லை மட்டும் எடுத்துட்டு ஒட்டுப் போடலாம். ஒரு வருஷம் தள்ளும். மூணாவது, முழுசா வேற பேட்டரி போடலாம். ஆனா அதுக்குப் பழகியையும் மாத்தோணும். பழைய பழகி புதுப் பேட்டரியோட சேராது."

"பழகியா? அதாரு?"

டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, சோப்பு டப்பா அளவுக்கு ஒன்றைத் தட்டிக் காட்டினாள்.

"உங்க வண்டில ரெண்டு எஞ்சின் இருக்குதுல்ல? எப்ப பெட்ரோலு, எப்ப கரெண்டுன்னு ஆராச்சும் முடிவு பண்ணோணுமே. அதுதான் இது. அதுவுமில்லாம, பிரேக் புடிச்சா அந்த வேகம் கரெண்டா மாறி பேட்டரிக்குப் போகுது. அதனால இந்த வண்டில ஆரு எங்க பிரேக் புடிக்கறாங்க, எப்படிப் புடிக்கறாங்கன்னு இது பாத்துக்கிட்டே இருக்கும். பாத்துப் பாத்துப் பழகிக்கும்."

"என்னைப் பாத்துப் பழகியிருந்தா நல்லாத்தான் பழகியிருக்கும். அதை எதுக்கு மாத்தறே? ஒட்டே போட்டுரு."

"சரிங்ணா. இதைக் கழட்டித்தான் பேட்டரியச் சோதிக்கோணும். கழட்டிட்டேன். வண்டியக் கொஞ்சம் எடுத்து அந்த மேடை மேல விட்டுருங்க. பெட்ரோல்ல ஓடும்."

பத்தடி தூரம். ஏறி உட்கார்ந்தேன். பர்வீனின் கடையில் வேலைக்கு வந்திருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஸ்டீயரிங்கையே தொட்டிராத ஆட்கள். சரி, பார்க்கட்டும் என்று ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றி, தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்து, பாணியாக ரிவர்ஸ் எடுத்தேன்.

வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. அதாவது, வாழ்க்கையில் முதல் தடவையாக என் பேச்சை மட்டும் கேட்டது. பழைய ஆயில் டிரம் உருண்டது. பதறிப்போய் முன்னால் எடுத்தேன். எதிரே நின்றிருந்த சும்மாவண்டி ஒன்று "மன்னிக்கவும், வழி விடுகிறேன்" என்று தானாகவே ஒதுங்கிக்கொண்டது. சுவருக்கு அந்த மரியாதை தெரியவில்லை. இடது பக்கம் மோதி நின்றேன்.

"பிரேக் புடிக்கலை பர்வீன்! பிரேக்கப் பாரு!"

பர்வீன் பிரேக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வேலையாட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கதவைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்ணா, எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

அவள் பழகியைத் திரும்ப மாட்டினாள். என்னைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு ஓட்டுகிற சீட்டில் தான் உட்கார்ந்தாள். "பாருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை நேராகச் சுவரைப் பார்த்து விட்டாள். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இரண்டு காலையும் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டாள். நான் "அய்யோ" என்று கத்தினேன்.

இடது பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. அந்த சீட்டுக்குக் கீழே, மோதியதில் வளைந்துபோயிருந்த என் பிரேக் மட்டும் தானாக இறங்கியது. மெல்ல ஒரு அமுக்கு. விட்டு, இன்னொரு அமுக்கு. அப்புறம் ஒரே சீராக அழுத்திப் பிடித்தது. வண்டி சுவருக்கு ஒரு முழம் முன்னால் பூப்போல நின்றது.

அது என் கால். அந்த இரண்டு அமுக்கும் ஒரு பிடியும் எனக்குத்தான் தெரியும். எந்த மெக்கானிக்கும் சொல்லித்தந்து வருவதில்லை அது.

"உங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டதுங்ணா," என்றாள் பர்வீன். "புள்ளைக தப்புப் பண்றப்ப பக்கத்துல இருக்கறவரு சத்தமில்லாம புடிக்கறாரு, ஒண்ணும் சொல்றதில்லைன்னு பாத்திருக்குது. இந்த வண்டில ஓட்டறதுன்னா இதுதான் வழக்கம்னு நெனச்சுக்கிச்சு. உங்க காலு மெதுவானப்பறம் உங்க வேலையையும் சேத்து இதே பாத்துக்கிச்சு. ஸ்டீயரிங்கும் கரெண்டுதானே, அதையும் லேசா திருப்பிவிட்டிருக்குது. ஆருகிட்டயும் சொல்லலை. நீங்க சொன்னீங்களா என்ன?"

"அப்ப நான் ஓட்டறப்ப?"

"உங்களையும் ஒரு புள்ளைன்னுதான் நெனச்சிருக்கும்."

சிரிக்கத்தான் வேண்டும். நானும் சிரித்தேன். ஊர் பூராவும் பீற்றிக்கொண்டதை நினைத்து, கல்யாண மண்டபங்களில் சும்மாவண்டிக்காரர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு "கை இருக்கணும்ப்பா, கை" என்று உபதேசம் பண்ணியதை நினைத்து, சிரித்தேன். நடுவில் சட்டென்று நின்றுவிட்டது.

"பர்வீன், நிறைமதி."

"ஆரு?"

"கொல்லிமலைப் புள்ள. திங்கக்கிழமை மலைமேல வேன் எடுக்குது. பழைய வேன். அதுல பழகியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

மற்றவர்களுடைய லைசென்ஸ் சுவரில் தொங்குகிறது, அதனால் யாரும் சாகப்போவதில்லை. இவள் லைசென்ஸ் எழுபது கொண்டை ஊசித் திருப்பம் ஏறி, அதற்கு மேலே மண்பாதையில் போகப்போகிறது. மருந்துப் பெட்டியோடும், சில நாள் பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணோடும். எனக்குப் பயமாக இருந்தது. என் மானத்தைப் பற்றிய பயம் இல்லை, நிஜப் பயம்.

வீட்டுக்கு வந்து கோகிலவாணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை.

"உனக்கு ஆச்சரியமா இல்லையா?"

"ஏனுங்க, உங்க பக்கத்துல உக்காந்து வர்றப்பெல்லாம் நான் கண்ணை மூடிக்கிட்டு வர்றேனே, அது தூக்கம்னா நெனச்சீங்க? முருகா முருகான்னு சொல்லிக்கிட்டு வருவேன். வண்டி நல்லபடியா நின்னுச்சுன்னா முருகன்தான் நிறுத்தினான்னு நெனச்சுக்குவேன்." கையைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அது கெடக்கட்டும். அந்தப் புள்ளைகிட்டச் சொல்லியாச்சா?"

"சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும். பள்ளிக்கூடத்தை மூடோணும்."

"சொல்லலைன்னா?"

செருப்பை மாட்டிக்கொண்டேன்.

போவதற்கு வண்டி வேண்டுமே. இத்தனை வருஷம் கேலி செய்த சும்மாவண்டி ஒன்றைக் கூப்பிட்டு ஏறினேன். "வணக்கம், முதல் முறை பயணம் செய்கிறீர்கள். பயப்பட வேண்டாம்" என்றது. திட்டக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

நிறைமதி தங்கியிருந்த விடுதி வாசலில் பை எல்லாம் கட்டி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். பழகி, பிரேக், டெஸ்ட், எல்லாம். மலர்ந்த முகம் அப்படியே இறுகிப்போனது.

"அப்ப நான் ஓட்டவே இல்லையா சார்?"

"ஓட்டினே. கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ஹாரன் முழுக்க நீதான்."

சிரிப்பாள் என்று நினைத்து அதைச் சொல்லித் தொலைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகிற ஆள் இல்லை அவள். கோபம்.

"திங்கக்கிழமை வேனை எடுக்க ஆள் இல்லைன்னா அதைக் கீழே வேற ஊருக்கு அனுப்பிருவாங்க. ஏற்கனவே சொல்லிட்டாங்க. அப்புறம் எங்க ஊருக்கு வண்டியே வராது. வலி வந்தா இப்பவும் டோலி கட்டித்தான் சார் தூக்கிட்டு வர்றோம். போன மாசம் எங்க பெரியம்மா பொண்ணைத் தூக்கிட்டு வந்தோம். பாதி வழிலயே..." கட்டி வைத்திருந்த பையைக் காலால் தள்ளினாள். "என்னால முடியும்னு நீங்கதானே சொன்னீங்க? நிறுத்தினது நான்தான்னு எத்தனை தடவை சொன்னீங்க?"

தலையைக் குனிந்துகொண்டேன். வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று இழுத்தேன். வேறு யார் இருக்கிறார்கள், எல்லாரும் என்னிடம் படித்தவர்கள்தானே!

முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு ஒரு நாள் இருக்கு. நாளன்னைக்கு ஒரு நாள் இருக்கு. உதவி பண்ணாத வண்டியாக் கொண்டாங்க."

பர்வீன் கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள். மூணாவது வழி என்றேன்.

"முழுசா வேற பேட்டரி, வெறும் பழகியா? வண்டிக்கு ஒண்ணுமே தெரியாதுங்ணா. கைக்குழந்தை மாதிரி இருக்கும். இனி உங்ககிட்டப் படிக்கறவங்க தோப்பாங்க."

"தோக்கட்டும்."

"நீங்களும் தோப்பீங்க."

"அதைச் சொல்லிக்காட்டோணுமா?"

நசுங்கி வந்த இன்னொரு ஹைப்ரிட்டில் நல்ல பேட்டரி ஒன்று கிடந்தது. பர்வீன் ஆட்களை நிறுத்தி வைத்து மாட்டினாள். ஒரே ஒரு விஷயத்தில் கைவிரித்துவிட்டாள். நான் சுவரில் மோதியதில் இடது பக்கத்து பிரேக்கின் தண்டு வளைந்திருந்தது, அதைத் தானாக இறக்கிக் காட்டியபோது மிச்சமும் போய்விட்டது. அந்த உதிரி பாகத்தை இப்போது யாரும் செய்வதில்லையாம். கழற்றிப் போட்டுவிட்டாள். "இன்னொண்ணுங்ணா. இப்ப சட்டம் மாறிப்போச்சு. புதுப் பழகி கேக்காம எதையும் தொடாது. வண்டிய எடுக்கறப்ப 'தவறுகளைத் திருத்தலாமா?'ன்னு கேக்கும். இல்லைன்னு சொன்னாத் தொடாது. சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருக்கும்."

சனிக்கிழமை காலையில் பர்வீனே வண்டியை ஒரு இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பழைய லாரிப் பேட்டையில் இறக்கினாள். ஒரு காலத்தில் லாரி நிறுத்த இடமில்லாமல் அடிதடி நடந்த பேட்டை. இப்போது கருவேலமும் கல்லும்தான். நானும் வருகிறேன் என்று கிளம்பி வந்த கோகிலவாணி, சாவியை என் கையில் கொடுக்காமல் நேராக நிறைமதியிடம் கொடுத்தாள். "இவரு ஓட்டிக் காட்டறேன்னு சொல்லுவாரு. குடுத்துராதே கண்ணு" என்றாள்.

ஸ்கிரீனில் கேள்வி வந்தது. நிறைமதி "இல்லை"யைத் தொட்டாள். அன்றைக்குப் பகல் முழுக்க நடந்ததை விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை. அவள் ஒரு கருவேல மரத்தைச் சாய்த்தாள். ஒரு மைல்கல்லைப் பெயர்த்தாள். அர்த்தநாரியின் வலது பக்கமும் இடது பக்கம் மாதிரியே ஆகிவிட்டது. நான் இடது பக்கம் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தரைவிரிப்பைக் கிழித்தேன். கால் வேலை செய்யாத இடத்தில் வாய்தான் வேலை செய்ய வேண்டும். பிடி, விடு, பார்த்து, அங்க இல்லை, இங்க, என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. யோசித்துப் பார்த்தால், நான் வாயால் பாடம் சொல்லித்தந்த முதல் நாள் அதுதான். இத்தனை காலமும் என் கால்தான் வாத்தியாராக இருந்திருக்கிறது.

மத்தியானம் அவள் ஒரு முறை வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். "முடியாது சார்" என்றாள். எனக்கு வாய் வரை வந்தது பழைய பொய். நல்லாத்தான் ஓட்டறே, பயப்படாதே. விழுங்கிக்கொண்டேன். "இப்ப முடியலை, நிஜம்தான்," என்றேன். "நீ லேட்டாப் புடிக்கறே. கல்லு தெரிஞ்சப்பறம் புடிக்காதே. கல்லு இருக்குமோன்னு தோணறப்பவே புடி." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். சாயங்காலத்துக்குள் அவளுக்கென்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. திருப்பம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, திருப்பத்தின் வாய்க்கு வந்ததும் கிட்டத்தட்ட நின்று, எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் போவாள். மாட்டு வண்டி தோற்றுப்போகும். நான் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரவள்ளி அடிவாரம். மலை ஏறினால்தான் தெரியும். கோகிலவாணி வரவில்லை, "ரெண்டு பேரும் சேந்து சாகக்கூடாது, மாட்டுக்கு ஆரு தண்ணி காட்டறது" என்று சொல்லிவிட்டாள். நிறைமதி மறுபடியும் "இல்லை"யைத் தொட்டாள்.

முதல் சில திருப்பங்கள் என் உயிரை எடுத்தன. பிறகு பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன், கண்ணை மூடிக்கொண்டேன். முருகா முருகா. என் மனைவி இத்தனை வருஷம் எப்படி வந்தாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாதி மலையில் ஒரு திருப்பத்தில் வண்டி நின்றது. கண்ணைத் திறந்தேன். எதிரே அன்னாசிப்பழம் ஏற்றிய பிக்கப். மலைக்காரர்கள் கையால் ஓட்டுகிற பழைய வண்டி. ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவன் வழி விட வேண்டும். அது எழுதாத சட்டம். அந்த ஆளுக்கு யாரும் எழுதிக்கூடக் காட்டவில்லை போலிருக்கிறது. ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான்.

"பின்னால எடுக்கோணும்," என்றேன்.

பின்னால் பள்ளம். தடுப்புச் சுவர் ஒரு இடத்தில் உடைந்திருந்தது. நிறைமதி ரிவர்ஸ் போட்டாள். வண்டி நினைத்ததைவிட வேகமாகப் பின்னால் உருண்டது. என் கால் தரையைத் தேய்த்தது. ஒன்றுமில்லை அங்கே. நான் சொல்லித்தந்த எதுவும் ஞாபகம் வரவில்லை, கத்தவும் வாய் வரவில்லை. அவள் பிரேக்கை மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். வண்டி குலுங்கி நின்றது. பின்சக்கரம் மண்ணில் இருந்தது. அது போதும்.

பிக்கப்காரன் ஒரு பழத்தை ஆட்டிக் காட்டிவிட்டுக் கடந்து போனான். நிறைமதியின் கழுத்தில் வேர்வை ஓடியது.

"சார்," என்றாள், "இப்ப நிறுத்தினது ஆரு?"

"எனக்கென்னம்மா தெரியும், நான் செத்துப்போயிருந்தேன்."

அப்போது சிரித்தாள். சத்தமாக, குலுங்கிக் குலுங்கி. நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது, சொல்வதில் என்ன வெட்கம். ஓட்டத் தெரியாத பெண்ணைச் சாக அனுப்பப் பார்த்தேனே.

செம்மேட்டில் வேன் நின்றிருந்தது. இறங்கி ஓடிப்போய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டயரை உதைத்துப் பார்த்தாள், கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் காலுக்கு எட்டுகிறதா என்று பார்த்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரணமும் இல்லை. "சார், பாத்து எறங்குங்க" என்று மட்டும் சொன்னாள். அவளைச் சேர்ந்தவர்கள் நான்கைந்து பேர் வந்துவிட்டார்கள். வாத்தியார் இறங்கிப் போவதைப் பார்க்க வரிசையாக நின்றார்கள்.

இரண்டு நாளில் முதல் தடவையாக நான் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். தவறுகளைத் திருத்தலாமா என்று கேட்டது. அத்தனை பேர் பார்க்கும்போது என்ன செய்வேன்? விரலை நன்றாகத் தூக்கி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி "இல்லை"யைத் தொட்டேன். கை காட்டினேன். கிளம்பினேன். முதல் திருப்பம் தாண்டி அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஆம்" என்பதைத் தொட்டேன்.

வெறும் பழகிதானே, இதற்கு என்ன தெரிந்திருக்கப்போகிறது என்று ஒரு சந்தேகம் இருந்தது. அடுத்த திருப்பம் வெகு தூரத்தில் இருக்கும்போதே வேகம் குறைந்தது. நான் மிதிக்கவில்லை. திருப்பத்தின் வாய்க்கு வந்ததும் வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. எட்டிப் பார்ப்பது போல ஒரு நொடி. அப்புறம் மெல்லத் திரும்பியது. ஸ்டீயரிங் என் உள்ளங்கையில் லேசாக நகர்ந்தது, பிடித்துக்கொள்ளுங்கள் என்பது மாதிரி.

நான் இப்படி ஓட்டுகிறவன் இல்லை. என் இரண்டு அமுக்கும் ஒரு பிடியும் இதில் எங்கேயும் இல்லை. இந்தப் பழகி பிறந்ததிலிருந்து இதில் ஓட்டியது ஒரே ஒரு ஆள்தான்.

எழுபது திருப்பத்திலும் அப்படியேதான் வந்தது. நான் அவசரப்பட்ட இடத்தில் எல்லாம் பொறுமையாகப் பிடித்தது. வழியில் ஒரு சைக்கிள்காரர்கூட எங்களை முந்திக்கொண்டு போனார். எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு இடத்தில் மட்டும், யாருமில்லாத இடது பக்கத்து சீட்டைப் பார்த்து, "நீ நல்லா ஓட்டறேம்மா" என்றேன்.

வீட்டு வாசலில் கோகிலவாணி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ. நான் இறங்குவதற்குள் வண்டியைச் சுற்றி வந்து நேற்றைய நசுங்கல்களை எல்லாம் தடவிப் பார்த்தாள்.

"புதுசா ஒரு கீறல்கூட இல்லீங்க. இவ்வளவு பதனமா ஆரு ஓட்டிட்டு வந்தது?"

"நிறைமதி," என்றேன்.

"அட சாமி, அப்ப அந்தப் புள்ள மேல போகலியா?" பதறிப்போய் வண்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"மேலதான் இருக்குது," என்றேன். "காலைல வேன் எடுக்கோணுமில்ல."